இங்கிலாந்து மடத்துப் பண்ணை, பிரபு பண்ணையோட பழைய கணக்குகளைப் படிக்கிறது எப்படி: டர்பன்ல இருந்து ஒரு வழிகாட்டி

எங்க ஆயா டோங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்து பேரக்ஸ்ல (கூலி லயன்ல) பொறந்தவங்க. அவங்க அப்பாவைத் தேடி பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆர்க்கைவ்ஸுக்குப் போனப்ப எனக்குக் கிடைச்சது ஒரே ஒரு வரி. கொலோனியல் நம்பர் (ஒப்பந்தக் கூலியா நேட்டாலுக்கு வந்தவங்களுக்குப் போட்ட நம்பர்), பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்புல இருந்த தழும்பு, அவ்வளவுதான். மனுஷன் என்ன சாப்பிட்டாரு, யாரோட சண்டை போட்டாரு, எந்த மாசம் உடம்பு முடியாம படுத்தாருன்னு ஒரு வார்த்தை கிடையாது. அப்பறம் தான் புரிஞ்சுது, அதெல்லாம் பேர் எழுதுற ரிஜிஸ்டர்ல இருக்காது, முதலாளி காசு பிடிச்ச இடத்துலயும் காசு செலவு பண்ண இடத்துலயும் தான் இருக்கும்னு. சம்பளப் பிடித்தம், அரிசி பருப்பு உப்புமீன் ரேஷன், கோர்ட்ல போட்ட அபராதம், அங்க தான் நம்ம ஆள் நிக்கிறாரு.

இந்தப் படிப்பை எனக்கு ஒழுங்கா சொல்லிக் கொடுத்தது நேட்டால் தோட்டத்து லெட்ஜர் இல்ல, 600, 700 வருஷத்துக்கு முந்தின இங்கிலாந்து மேனர் கணக்குகள், மேனர்னா ஒரு சொந்தக்காரருக்குக் கீழ இருந்த பண்ணை. அங்க ஒரு மடமோ பிஷப்போ பிரபுவோ நிலத்துக்குச் சொந்தக்காரங்க, கீழ வில்லீன்னு சொல்ற, அந்தப் பண்ணைக்குக் கட்டுப்பட்ட குடியானவங்க, நடுவுல ஒரு கணக்குப்பிள்ளை. எல்லாத்தையும் ஆட்டுத்தோல்ல எழுதி சுருட்டி வெச்சிருக்காங்க, உலகத்துல வேற எங்கயும் சாதாரண விவசாயியைப் பத்தி இவ்வளவு பழைய, இவ்வளவு நுணுக்கமான கணக்கு கிடைக்கிறது ரொம்ப கஷ்டம். யூனிவர்சிட்டியில இங்கிலீஷ் சமூக வரலாறு எடுத்திருக்கிற பிள்ளைங்க எங்க சனிக்கிழமை தமிழ் கிளாஸ்ல அடிக்கடி கேக்குறதால இதை எழுதுறேன், ஆனா தன் குடும்பத்து தோட்டக் கணக்கைத் தேடுறவங்களும் படிங்க, கை பழகிடும்.

முதல்ல எந்த மாதிரி ஏடுன்னு தெரிஞ்சுக்கோங்க

நாலு வகை தான் முக்கியம். ஒன்னு கஸ்டுமல், யார் எவ்வளவு நிலம் வெச்சிருக்காங்க, அதுக்கு என்ன வாடகை, வாரத்துக்கு எத்தனை நாள் பிரபுவோட நிலத்துல சும்மா உழைக்கணும்னு வழக்கத்தை எழுதி வெச்ச புத்தகம். ரெண்டாவது அக்கவுண்ட் ரோல், வருஷக் கணக்கு. மூணாவது கோர்ட் ரோல், மேனர் கோர்ட்ல நடந்தது. நாலாவது ஹவுஸ்ஹோல்ட் அக்கவுண்ட், அதாவது அரண்மனை சமையக்கட்டுக் கணக்கு, மடமா இருந்தா ஒவ்வொரு பொறுப்பாளரும் தனித்தனியா எழுதுன கணக்கு. கஸ்டுமல் என்ன நடக்கணும்னு சொல்லும், மத்த மூணும் என்ன நடந்துச்சுன்னு சொல்லும். புதுசா படிக்கிறவங்க கஸ்டுமலைப் படிச்சுட்டு அப்படியே தான் எல்லாரும் வாழ்ந்தாங்கன்னு நம்பிடுறாங்க, தயவுசெஞ்சு அப்படிச் செய்யாதீங்க. வாரத்துக்கு மூணு நாள் வேலைன்னு கஸ்டுமல்ல இருக்கும், அக்கவுண்ட் ரோலைப் பார்த்தா அந்த வேலையில பாதியை ஆளுங்க காசு கட்டி விலக்கிக்கிட்டிருப்பாங்க.

எங்க தேடுறதுன்னா, இங்கிலாந்து நேஷனல் ஆர்க்கைவ்ஸ் வெப்சைட்ல மேனோரியல் டாக்குமெண்ட்ஸ் ரெஜிஸ்டர்னு ஒன்னு இருக்கு, 1920கள்ல ஆரம்பிச்சது. பழைய காப்பிஹோல்ட் நில உரிமையை 1922 சட்டம் ஒழிச்சப்ப, இந்தச் சுருளெல்லாம் குப்பைக்குப் போயிடக் கூடாதுன்னு எந்த ஏடு யார்கிட்ட இருக்குன்னு பதிய வெச்சாங்க. ஊர் பேரைப் போட்டா எந்த ஆர்க்கைவ்ஸ்ல எந்த வருஷத்து சுருள் இருக்குன்னு காட்டும், டர்பன்ல உக்காந்து இலவசமாவே பாக்கலாம். ஆனா அதுல இருக்கிறது லிஸ்ட் மட்டும், படம் இருக்காது. அதனால ஆரம்பத்துல அச்சுல வந்ததை எடுங்க, 19ஆம் நூற்றாண்டுல இருந்து அங்க இருக்கிற வரலாற்றுச் சங்கங்கள் நிறைய ரோல்களைப் பதிப்பிச்சிருக்காங்க, பழசெல்லாம் இன்டர்நெட் ஆர்க்கைவ்ல கிடைக்குது. அதே நேஷனல் ஆர்க்கைவ்ஸ் சைட்ல லத்தீனுக்கும் பழைய கையெழுத்துக்கும் இலவசப் பாடம் இருக்கு, ரெண்டையும் செஞ்சு முடிச்சுட்டு தான் ஒரிஜினலைத் தொடணும்.

பெரிய தொடர் வேணும்னா வின்செஸ்டர் பிஷப்போட பைப் ரோல்ஸ் (அவரோட பண்ணைகளோட வருஷக் கணக்கு), 1208-09ல இருந்து ஆரம்பிக்குது, ஹாம்ப்ஷைர் ஆர்க்கைவ்ஸ்ல இருக்கு. கோர்ட் ரோல்னா யார்க்ஷைர் வேக்ஃபீல்ட் மேனர், 1274ல இருந்து 1925 வரைக்கும் போகுது. மடம்னா டர்ஹம், நார்விச் கதீட்ரல் ப்ரையரி, வெஸ்ட்மின்ஸ்டர் அபி இவங்க கணக்கெல்லாம் ஏராளமா மிஞ்சியிருக்கு. 1536ல இருந்து 1540க்குள்ள எட்டாம் ஹென்ரி எல்லா மடத்தையும் மூடுனப்ப நூலகத்துப் புத்தகமெல்லாம் சிதறிப்போச்சு, ஆனா கணக்குச் சுருளும் கோர்ட் சுருளும் நிறைய தப்பிச்சுது, ஏன்னா மடத்து நிலத்தை வாங்குன புது முதலாளிக்கு வாடகை வசூலிக்க அது தான் அத்தாட்சி. பிரார்த்தனைப் புத்தகத்தை விட வாடகைக் கணக்குக்கு ஆயுசு கெட்டி.

தேதியும் காசும்

இதை விட்டுட்டு உள்ள போனா எல்லாம் தப்பாயிடும், கொஞ்சம் பொறுமையா பாருங்க.

வருஷத்தை ராஜாவோட ஆட்சி வருஷமா எழுதுவாங்க. மூணாம் எட்வர்டோட ஆட்சி 1327 ஜனவரி 25ல தொடங்குது, அப்ப அவரோட 22ஆவது வருஷம்னா 1348 ஜனவரி 25ல இருந்து 1349 ஜனவரி 24 வரைக்கும். கணக்கு வருஷம் வேற, அது மைக்கேல்மஸ் பண்டிகைக்கு மைக்கேல்மஸ், அதாவது செப்டம்பர் 29ல இருந்து அடுத்த செப்டம்பர் 29, அறுப்பு முடிஞ்சு களம் காலியான நேரம். காலண்டர் வருஷம் அதுக்கும் வேற, மார்ச் 25ல தான் புது வருஷம், 1752ல தான் ஜனவரி 1ஐ வருஷப் பிறப்பா மாத்துனாங்க. அதனால ஏட்டுல 1348 பிப்ரவரின்னு இருந்தா நம்ம கணக்குக்கு அது 1349. நோட்ல எழுதும்போது ரெண்டையும் எழுதி வெச்சுக்கோங்க, 1348/49ன்னு.

நாளையும் தேதியா சொல்ல மாட்டாங்க, இந்தப் புனிதர் பண்டிகைக்கு அடுத்த செவ்வாய்னு சொல்வாங்க. இது நம்மளுக்குப் புதுசு இல்ல, ஆடி கூழ் ஊத்துனதுக்கு மறு வெள்ளி, மௌண்ட் எட்ஜ்கோம்ப் மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின வாரம்னு நம்ம வீட்டுலயும் அப்படித்தானே சொல்றோம். புனிதர் நாள் பட்டியல் ஒன்னு பிரிண்ட் எடுத்து மேஜையில ஒட்டிடுங்க. ஈஸ்டர் மட்டும் வருஷா வருஷம் நகரும், அதை ஒட்டி வர்ற நாளுக்கு அந்த வருஷத்து ஈஸ்டர் தேதியைப் பார்த்தே ஆகணும்.

காசு, 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்ட், ஆக 240 பென்ஸ். இங்க 1961ல ரேண்ட் வர்ற வரைக்கும் இதே கணக்கு தான், வீட்டுல 75 தாண்டின பெரியவங்க இருந்தா அவங்களை உக்கார வெச்சு கூட்டச் சொல்லுங்க, நம்மளை விட வேகமா போடுவாங்க. மார்க்னு ஒன்னு வரும், அது நாணயமே இல்ல, கணக்குக்கு மட்டும், 13 ஷில்லிங் 4 பென்ஸ், அதாவது 160 பென்ஸ். அரை மார்க் 80 பென்ஸ். 1300 வாக்குல தச்சருக்கு ஒரு நாள் கூலி சுமார் 3 பென்ஸ், அப்ப அரை மார்க் அபராதம்னா தச்சரோட 27 நாள் உழைப்பு. எந்தத் தொகையைப் பார்த்தாலும் இப்படி நாள் கூலியா மாத்திப் பாருங்க, இன்னைக்கு ரேண்டா மாத்தாதீங்க, அதுல ஒன்னும் விளங்காது.

எண்ணெல்லாம் ரோமன் எண், கடைசி ஒன்னுக்கு வால் நீட்டி இருக்கும். நாலுன்னு எழுதி மேல சின்னதா இருபதுன்னு போட்டிருந்தா அது எண்பது. நூறுன்னா எப்பவும் நூறு இல்ல, முட்டை, மீன், ஆணி, ஆடு இதுக்கெல்லாம் நீள நூறுன்னு 120 கணக்கு உண்டு. கூட்டிப் பார்த்து மொத்தம் இடிச்சா, எழுதுனவன் தப்புன்னு சொல்றதுக்கு முன்னாடி 120 வெச்சு ஒரு தடவை கூட்டிப் பாருங்க.

தானியம் குவார்ட்டர் கணக்கு, ஒரு குவார்ட்டர் 8 புஷல், ஒரு புஷல் 4 பெக். நம்ம கலம், மரக்கால், படி மாதிரி அடுக்கு. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, தலைதட்டி அளந்ததா, கூம்பா குவிச்சு அளந்ததான்னு ஏட்டுலயே எழுதியிருப்பாங்க. குடியானவன்கிட்ட வாங்குறப்ப கூம்பு, அவனுக்கு கொடுக்குறப்ப தலைதட்டு, இப்படி வித்தியாசம் வந்தா அதைக் கோடு போட்டு வையுங்க, ஒரு வார்த்தையில பண்ணையோட நியாயம் முழுக்க தெரிஞ்சிடும்.

எழுத்து

லத்தீன்னு பயப்பட வேணாம், இது கோயில் லத்தீன் இல்ல, கணக்குப்பிள்ளை லத்தீன், 200 வார்த்தை தெரிஞ்சா முக்காவாசி ஓடிடும். கோர்ட் ரோல் 1733 வரைக்கும் லத்தீன் தான், 1651ல இருந்து 1660 வரைக்கும் க்ராம்வெல் காலத்துல மட்டும் இங்கிலீஷ். அதனால லத்தீன் வேணவே வேணாம்னு நினைக்கிறவங்க அந்த பத்து வருஷத்துல தொடங்குங்க, வழக்கமா வர்ற வாசகமெல்லாம் இங்கிலீஷ்ல மனசுல பதிஞ்சிடும், அப்பறம் பின்னாடி போனா லத்தீன்ல அதே வாசகம் தான்.

கஷ்டம் என்னன்னா சுருக்கெழுத்து. எழுத்துக்கு மேல ஒரு கோடு இழுத்திருந்தா அங்க எம்மோ என்னோ விடுபட்டிருக்கு. ஐ, எம், என், யூ எல்லாமே ஒரே மாதிரி குச்சி குச்சியா நிக்கும், எது எங்க முடியுதுன்னு தெரியாது. ஓலைச்சுவடி பார்த்தவங்களுக்கு இது பழக்கம், அதுல புள்ளி இருக்காது, காலும் ரகரமும் ஒன்னா இருக்கும், ஆனாலும் பாட்டு தெரிஞ்சா படிச்சிடுவோம். இங்கயும் வாசகம் தெரிஞ்சா படிச்சிடலாம். லத்தீன்ல சும்மான்னு (summa) இருந்தா மொத்தம், டெபெட்னா பாக்கி வெச்சிருக்கான், நிஹில்னா ஒன்னும் இல்ல, ஒபீட்னா செத்துப்போயிட்டான், ரெலிக்டான்னா விதவை. இந்த அஞ்சு வார்த்தையோட ஒரு பக்கத்தைத் தேடினாலே கதை தெரிய ஆரம்பிச்சிடும்.

அக்கவுண்ட் ரோலை எப்படிப் படிக்கிறது

இது லாப நஷ்டக் கணக்கு இல்ல. இன்னைக்கு பிசினஸ் கணக்கு மாதிரி நினைச்சுப் படிச்சீங்கன்னா குழம்பிடுவீங்க. இது ஒரு மனுஷன் தன்னை விடுவிச்சுக்கிறதுக்காக ஒப்பிக்கிற கணக்கு. ரீவ்னு ஒருத்தர், அவரும் வில்லீன் தான், பெரும்பாலும் ஊர்க்காரங்களே தேர்ந்தெடுத்து நிறுத்துவாங்க. நம்ம தோட்டத்துல கூலி ஆளுங்களை வேலை வாங்குற சிர்தார் மாதிரி, கீழ இருந்து வந்தவர், மேல இருக்கிறவனுக்கு பதில் சொல்ல வேண்டியவர், ரெண்டு பக்கமும் திட்டு வாங்குறவர். முதல்ல அவர் மேல எவ்வளவு ஏறுதுன்னு வரும், பழைய பாக்கி, வாடகை, தானியம் வித்தது, கோர்ட் அபராதம். அப்பறம் எவ்வளவு கழியுதுன்னு வரும், ஏர் செலவு, வண்டி செலவு, கட்டிட ரிப்பேர், கதிரடிக்கிறதும் தூத்துறதும், அறுப்புச் செலவு, சம்பளம், பிரபுவுக்கு அனுப்புன பணம். மிச்சம் அவர் கைக்காசுல இருந்து கட்டணும்.

முன்பக்கம் காசு, பின்பக்கம் தானியமும் ஆடு மாடும் வேலை நாள் கணக்கும். நான் எப்பவும் பின்பக்கத்துல இருந்து ஆரம்பிக்கச் சொல்வேன், ஏன்னா சாப்பாடு அங்க தான் இருக்கு. எவ்வளவு கோதுமை விளைஞ்சுது, விதைக்கு எவ்வளவு போச்சு (ஒன்னு விதைச்சா மூணோ நாலோ தான் வந்துச்சு அந்தக் காலத்துல, தஞ்சாவூர் நெல்லு கணக்குல யோசிச்சா அதிர்ச்சியா இருக்கும்), படியாளுக்கு எவ்வளவு அளந்தாங்க. படியாள்ங்கிற நம்ம வார்த்தை இதுக்கு அப்படியே பொருந்துது, நிரந்தரப் பண்ணை வேலைக்காரனுக்கு காசு கொஞ்சம், மீதி தானியம். ஏர் ஓட்டுறவனுக்கு 10 வாரத்துக்கு ஒரு குவார்ட்டர், பால்பண்ணைப் பொம்பளைக்கு அதே ஒரு குவார்ட்டரை இன்னும் நீட்டி அதிக வாரத்துக்குன்னு வரும். 52 வாரத்தை 10ஆல வகுத்தா ஏர்க்காரனுக்கு வருஷத்துக்கு அஞ்சு குவார்ட்டருக்கு மேல. அது கோதுமையா, பார்லியா, பட்டாணி கலந்ததான்னு பாருங்க, நல்ல கோதுமை சந்தைக்குப் போயிருக்கும், படியாளுக்கு கலப்படம் தான். இங்க நேட்டால்ல ஒப்பந்தக் கூலியா வந்த ஆம்பளைக்கு முதல் வருஷம் மாசம் 10 ஷில்லிங், பொம்பளைக்கு அதுல பாதி, கூட ரேஷன். ஒப்பிடச் சொல்லி நான் சொல்லல, ஆனா ஒன்னைப் படிக்கத் தெரிஞ்ச கண்ணுக்கு இன்னொன்னும் தெரியும்.

அடுத்தது மை மாறுற இடத்தைத் தேடுங்க. ரீவ் ஒப்பிச்ச கணக்கை ஆடிட்டர்கள் உக்காந்து அடிச்சுத் திருத்துவாங்க, இந்தச் செலவு கூடுதல், இந்த ஆடு செத்ததுக்கு உன் கவனக்குறைவு தான் காரணம், இவ்வளவு முட்டை தான் காட்டுவியா இன்னும் வந்திருக்கணுமேன்னு. ரீவ் சொன்ன எண் மேல கோடு, அதுக்கு மேல சின்ன எழுத்துல ஆடிட்டர் எண். கணக்குல குறையுறதை எல்லாம் ரீவ் வித்துட்டதா வெச்சு அவர் தலையில காசைக் கட்டுவாங்க. அச்சுப் பதிப்பு சிலதுல இந்த அடித்தல் திருத்தலை விட்டுட்டு கடைசி எண்ணை மட்டும் போட்டிருப்பாங்க, அந்த மாதிரி பதிப்பை நான் நம்புறதில்ல, சண்டையே அந்த அடித்தல்ல தான் இருக்கு.

வேலை நாள் கணக்கையும் விடாதீங்க. மொத்தம் இத்தனை வேலை வரணும், இதுல பண்டிகைக்கு இத்தனை கழிவு, நோய்க்கு இத்தனை, காசுக்கு வித்தது இத்தனை. அறுப்பு நேரத்துல எல்லாரும் கூடி செய்ற தனி வேலை ஒன்னு உண்டு, அதுல பீர் கொடுக்கிற நாள் தனி, வெறும் தண்ணி கொடுக்கிற நாள் தனின்னு பிரிச்சு எழுதியிருப்பாங்க. சில மேனர்ல புல் வெட்டுன ஆள் தன் அரிவாள் கம்புல எவ்வளவு புல்லைத் தூக்க முடியுதோ அவ்வளவு வீட்டுக்குக் கொண்டு போகலாம், கம்பு ஒடிஞ்சா புல்லும் போச்சு அபராதமும் உண்டு.

கோர்ட் ரோல்

எனக்கு ரொம்பப் பிடிச்சது இது தான். இடது பக்க மார்ஜினை மட்டும் மேல இருந்து கீழ படிங்க முதல்ல, ஒவ்வொரு வழக்குக்கும் கிடைச்ச தொகை அங்க இருக்கும், க்ளார்க் கடைசியில கூட்டுறதுக்காக வெச்சது. அதுலயே எந்த வருஷம் எது கூடுதுன்னு தெரியும்.

ஹெரியட்னா சாவு வரி, குடியானவன் செத்தா அவன் வீட்டுலயே நல்ல மாடு ஒன்னு பிரபுவுக்கு. அடுத்த நல்ல மாடு பெரும்பாலும் சர்ச்சுக்கு. மடமே பிரபுவாவும் சர்ச்சாவும் இருந்த ஊர்ல ரெண்டுமே ஒரே தொழுவத்துக்குப் போகும். மெர்செட்னா பொண்ணைக் கட்டிக் கொடுக்க அனுமதிக் காசு. எண்ட்ரி ஃபைன்னா அப்பன் நிலத்துல மகன் காலெடுத்து வைக்கக் காசு. 1349 சுருளை எடுத்தீங்கன்னா வேற எதுவும் வேணாம், ஹெரியட்டை மட்டும் எண்ணுங்க. ஒரு கோர்ட்டுக்கு ஒன்னு ரெண்டுன்னு வந்தது திடீர்னு ஒரே நாள்ல பத்து இருபதுன்னு போகும், மாடு இல்லாததால ஹெரியட் இல்லன்னு வரும், வாரிசு யாரும் வரலன்னு வரும். பிளேக். ஹேல்ஸ்ஓவன்னு பர்மிங்ஹம் பக்கம் ஒரு மடத்து மேனர், அங்க இப்படி எண்ணித் தான் வயசுக்கு வந்த ஆம்பளைங்கள்ல சுமார் 40 சதவீதம் பேர் போயிட்டாங்கன்னு கணக்கிட்டிருக்காங்க.

பொம்பளைங்களைத் தேடுறவங்க பீர் அபராதத்தைப் பாருங்க. பீர் காய்ச்சி விக்கிறதுக்கு அளவும் விலையும் கட்டுப்பாடு உண்டு, அதை மீறுனதா சொல்லி ஒவ்வொரு கோர்ட்லயும் அதே பொம்பளைங்களுக்கு அதே ரெண்டு பென்ஸ் மூணு பென்ஸ். பேருக்கு அபராதம், நடைமுறையில லைசென்ஸ் காசு. பத்து வருஷம் தொடர்ந்து ஒரு பேரைப் பின்தொடர்ந்தா ஒரு பொம்பளையோட கடை எப்ப தொடங்குச்சு, எப்ப ஓய்ஞ்சுதுன்னு தெரிஞ்சிடும். வேற எந்த ஏட்டுலயும் அவங்க தன் பேர்ல வர்றது குறைவு.

திருகை வழக்கும் வரும். தானியத்தை பிரபுவோட மில்லுல தான் அரைக்கணும், அரைச்சதுல ஒரு பங்கு கூலியா போகும். வீட்டுல திருகை வெச்சிருந்தா அபராதம். செயிண்ட் ஆல்பன்ஸ் மடத்துல ரிச்சர்ட் ஆஃப் வாலிங்ஃபோர்ட்னு ஒரு அபட் (மடத்துத் தலைவர்), 1327ல இருந்து 1336 வரைக்கும், பெரிய வானியல் கடிகாரம் செஞ்ச அறிவாளி, அவரு ஊர்க்காரங்க திருகைக் கல்லையெல்லாம் பிடுங்கிட்டு வந்து மடத்து அறைக்குத் தளமா பதிச்சுட்டாரு. சுமார் 50 வருஷம் அந்தக் கல்லு மேல நடந்திருக்காங்க. 1381 குடியானவங்க கலகத்துல ஜனங்க உள்ள நுழைஞ்சு தளத்தைப் பேத்து, கல்லை உடைச்சு, சர்ச்சுல பிரசாத ரொட்டி பங்கு வைக்கிற மாதிரி ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தாங்கன்னு மடத்து வரலாற்றுலயே இருக்கு. கப்பல்ல அம்மிக்கல்லு தூக்கிட்டு வந்த குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு இதை விளக்கணும்னு அவசியமே இல்ல. அந்த வருஷம் நிறைய ஊர்ல கோர்ட் ரோலைத் தேடி எரிச்சாங்க, அதனால ஒரு தொடர்ல 1381க்கு முன்னாடி வெறுமையா இருந்தா காரணம் என்னன்னு விசாரிங்க.

மார்ஜின்ல தொகை இல்லாம குவியா பாவ்பெர்னு சின்னதா இருந்தா, ஏழைங்கிறதால மன்னிச்சாச்சுன்னு அர்த்தம். அந்தப் பேரைத் தனி நோட்ல எழுதி வையுங்க. நிலம் இல்லாதவங்க, உள்குத்தகைக்காரங்க, வேலைக்காரப் பொண்ணுங்க இவங்க எந்த லிஸ்ட்லயும் ஒழுங்கா வர மாட்டாங்க, இந்த மாதிரி ஒரு ஓரத்துல ஒரு தடவை வந்துட்டுப் போயிடுவாங்க.

மடத்து சமையலும் பிரபு வீட்டு சமையலும்

மடம்னா டர்பன்காரங்களுக்கு மரியன்ஹில் ஞாபகம் வரும், 1882ல ட்ராப்பிஸ்ட் துறவிங்க பைன்டவுன் பக்கத்துல தொடங்குனது, பெனடிக்ட் விதிப்படி ஜெபமும் வயல் வேலையும், கறி கிடையாது. இங்கிலாந்து பெனடிக்டின் மடத்தை அந்த மாதிரி நினைச்சுட்டுக் கணக்கைத் திறந்தா ஆச்சரியமா இருக்கும். நாலு கால் பிராணியோட கறியை நோயாளி தவிர யாரும் சாப்பிடக் கூடாதுன்னு தான் விதி, ஆனா 14ஆம் நூற்றாண்டு கிச்சன் கணக்குல மாட்டுக்கறியும் ஆட்டுக்கறியும் வந்துட்டே இருக்கும், பெரிய சாப்பாட்டுக் கூடத்தை விட்டு வேற அறையில சாப்பிட்டா விதி பொருந்தாதுன்னு ஒரு வழி கண்டுபிடிச்சிருந்தாங்க. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் பீர்.

மடத்துல சாப்பாட்டுச் சரக்குக்கு செல்லரர், சமையக்காரர், துணிக்குப் பொறுப்பாளி, நோயாளிக்குப் பொறுப்பாளி, தர்மத்துக்கு ஆல்மனர்னு ஒவ்வொருத்தருக்கும் தனி வருமானம், தனி சுருள். ஏழைங்களைத் தேடினா ஆல்மனர் சுருளுக்குப் போங்க. அதோட கொரோடின்னு ஒன்னைத் தேடுங்க, ஒருத்தர் மடத்துக்கு மொத்தமா பணமோ நிலமோ கொடுத்துட்டு சாகுற வரைக்கும் தினம் இவ்வளவு ரொட்டி, இவ்வளவு பீர், குளிருக்கு விறகுன்னு எழுதி வாங்கிக்கிறது. வயசான காலத்துல ஒரு மனுஷனுக்கு என்னென்ன தேவைன்னு நினைச்சாங்கன்னு அந்த ஒப்பந்தம் வரி வரியா சொல்லும்.

பிரபு வீட்டுக் கணக்கு நாள் கணக்கு. ரொட்டி, குடி, கிச்சன், குதிரை லாயம்னு தலைப்பு, அன்னைக்கு எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு எண்ணிக்கை. பழகுறதுக்கு சஃபோக் ஆக்டன்ல ஆலிஸ் டி ப்ரயன்ங்கிற விதவைச் சீமாட்டியோட வீட்டுக் கணக்கு நல்லது, 1412 செப்டம்பர்ல இருந்து ஒரு வருஷம் முழுக்க, ஒவ்வொரு வேளைக்கும் யார் வந்தாங்கன்னே இருக்கு, 1413 புத்தாண்டு அன்னைக்கு குடியானவங்களும் மத்தவங்களுமா 300 பேர். புதன், வெள்ளி, சனி மூணு நாளும் கறி இருக்காது மீன் தான், அப்பறம் லெண்ட், அதாவது ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம், நாற்பது நாள். நீங்க தேதி கண்டுபிடிச்சது சரியான்னு செக் பண்ண இது ஒரு வழி, வெள்ளிக்கிழமைன்னு நீங்க போட்ட நாள்ல மாட்டுக்கறி வந்தா உங்க தேதி தப்பு.

நோட் எடுக்கிற விதம்

நான் பட்ட கஷ்டம் ஒன்னு சொல்றேன். ஒரு ஆர்க்கைவ்ஸ்ல காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் 200 போட்டோவுக்கு மேல எடுத்தேன், எந்த வால்யூம் எந்தப் பக்கம்னு குறிக்கவே இல்ல. ஆறு மாசம் கழிச்சு எங்க ஆயாவோட அண்ணன் பேரு ஒரு படத்துல கிடைச்சுது, அது எந்தப் புத்தகம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாம திரும்பத் திரும்பப் போய் தேடிட்டு இருக்கேன். அதனால ஒவ்வொரு சுருளுக்கும் முதல் படம் ரெஃபரன்ஸ் நம்பர் எழுதுன சீட்டு. இங்கிலாந்துல இருந்து காப்பி ஆர்டர் பண்றப்ப ரெஃபரன்ஸ் நம்பர் மட்டும் போதாது, எத்தனையாவது தோல், முன்பக்கமா பின்பக்கமான்னு குறிப்பிட்டுக் கேளுங்க, பின்பக்கமும் வேணும்னு தனியா எழுதுங்க, இல்லன்னா முன்பக்கம் மட்டும் வந்து சேரும், தானியக் கணக்கும் படியாள் கணக்கும் அங்கயே தங்கிடும்.

நோட்ல மூணு பத்தி போட்டுக்கோங்க. முதல்ல இருக்கிறது இருக்கிறபடி, சுருக்கெழுத்தோட. ரெண்டாவது விரிச்சு எழுதுனது. மூணாவது தமிழ்ல, நம்ம வார்த்தையில, படியாள், குத்தகை, களம், தலைதட்டுன்னு. மூணாவது பத்தி எழுத வரலன்னா ரெண்டாவது இன்னும் புரியலன்னு அர்த்தம், அந்த வரிக்கு ஒரு புள்ளி வெச்சுட்டு அடுத்த வருஷத்து சுருள்ல அதே தலைப்புல என்ன இருக்குன்னு பாருங்க, க்ளார்க் மாறியிருந்தா அதையே கொஞ்சம் விரிவா எழுதியிருப்பான்.